உம்கேனி ஆற்று வடிநிலத்துக்குக் கணினி மாதிரி: முதல்முறை செய்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டாலில் நீரியல் படிக்க வந்தவர்கள், நகராட்சியிலோ ஆலோசனை நிறுவனத்திலோ புதிதாகச் சேர்ந்தவர்கள், வெருலம், டொங்காட் பக்கம் கரும்பு வைத்திருந்து நீர் பயன்படுத்துவோர் சங்கக் கூட்டங்களில் 'மாடல் இப்படிச் சொல்கிறது' என்று கேட்டுக் குழம்புகிறவர்கள் ஆகியோருக்காக எழுதியது. மாதிரி என்று இங்கே சொல்வது, மழை, மண், நிலப் பயன்பாடு இவற்றிலிருந்து ஆற்றில் எவ்வளவு நீர் ஓடும் என்று கணக்கிடும் மென்பொருளை. அதில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதற்கு இணையத்தில் காணொளிகள் நிறைய உண்டு. இந்த வடிநிலத்துத் தரவு எங்கே கிடைக்கும், எவ்வளவு நாள் ஆகும், எது காலை வாரும் என்பதைத்தான் ஒருவரும் சேர்த்து எழுதி வைக்கவில்லை.

மென்பொருளுக்குச் செலவில்லை. செலவெல்லாம் நேரம்தான். வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்தால் ஒரு துணை வடிநிலத்துக்கு ஐந்தாறு மாதம் ஒதுக்குங்கள். அதில் மாதிரியை ஓட்டுவது கடைசி ஆறு வாரம். முன்னால் உள்ளதெல்லாம் தரவு சேகரிப்பும் சுத்தம் செய்வதும்.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

'உம்கேனியை மாடல் செய்யப் போகிறேன்' என்பது கேள்வி அல்ல. 'கார்க்லூஃப் பகுதியில் இன்னும் 500 ஹெக்டேர் யூகலிப்டஸ் வைத்தால் ஆகஸ்டில் ஆற்றில் ஓடும் நீர் எவ்வளவு குறையும்?' என்பது கேள்வி. இடம், மாற்றம், மாதம், அளவு நான்கும் அதில் இருக்கின்றன. எந்த மாதிரி, எந்தக் கால அடி (மணியா, நாளா, மாதமா), எந்தத் தரவு என்று எல்லாவற்றையும் இந்த வாக்கியம்தான் முடிவு செய்யும்.

வெள்ளத்தில் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது உங்கள் கேள்வியானால், கீழே சொல்லும் எதுவும் உதவாது. 2022 ஏப்ரலில் டர்பன் சுற்றுவட்டாரத்தில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நிகழ்வை மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். நாள் கணக்கில் ஓடும் மாதிரி அதை ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிடும். அதற்கு ஹெச்இசி-ஹெச்எம்எஸ், ஹெச்இசி-ராஸ் என்ற வெள்ளக் கணக்கு மென்பொருள்கள் பக்கம் போங்கள். இரண்டும் இலவசம்.

2. மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

இங்கே பழக்கத்தில் உள்ளவை மூன்று.

பிட்மன் மாதிரி மாதக் கணக்கில் ஓடும். நாடு முழுவதற்குமான டபிள்யூஆர்2012 தொகுப்பு இதை வைத்துச் செய்ததுதான். ஒவ்வொரு நான்காம் நிலை நீர்ப்பிடிப்புக்கும் (வடிநிலங்களை நான்கு கட்டமாகப் பிரித்ததில் வரும் சிறு அலகு) 1920இல் தொடங்கும் இயல்புநிலை நீரோட்டத் தொடர், அதாவது மனிதர் எதுவும் செய்யாதிருந்தால் ஓடியிருக்கும் நீரின் தொடர், அதில் இருக்கிறது. பெயர் பதிந்தால் இலவசமாக எடுக்கலாம். உம்கேனி வடிநிலத்தின் குறியீடுகள் யூ20ஏ முதல் யூ20எம் வரை. நீங்கள் எந்த மாதிரி ஓட்டினாலும் இந்தத் தொடரை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிட உதவும்.

ஆக்ரு நாள் கணக்கில் ஓடும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பல்கலைக்கழக வளாகத்திலேயே வளர்ந்தது. மண்ணை இரண்டு அடுக்காகப் பார்க்கும். இங்குள்ள பைன், வாட்டில் (அக்கேசியா வகை மரம்), கரும்பு, புல்வெளி எல்லாவற்றுக்கும் மாதவாரியான பயிர்க் கெழுக்கள் (எது எவ்வளவு நீர் குடிக்கும் என்ற எண்கள்) தயாராக உள்ளன.

ஸ்வாட் பிளஸும் நாள் கணக்குதான். க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளுக்குள்ளிருந்தே ஓட்டலாம், உலகம் முழுக்கப் பயனர்கள் உண்டு, பாஸ்பரஸ், வண்டல் போன்றவற்றையும் கணக்கிடும். ஆனால் அதன் உள்ளமைந்த அட்டவணைகள் அமெரிக்க நிலத்துக்கானவை.

எங்கள் கருத்து: நிலப் பயன்பாடு மாறினால் நீர் எவ்வளவு மாறும் என்ற கேள்விக்கு இந்த மாகாணத்தில் ஆக்ருவே நம்பகமானது. ஆனால் பக்கத்தில் சொல்லித்தர ஆள் இல்லாமல் தனியாகத் தொடங்குகிறவர்கள் ஸ்வாட் பிளஸிலேயே தொடங்கலாம். சிக்கிக்கொண்டால் விடை தேட வழி இருக்கிறது. கீழே உள்ள படிகள் ஸ்வாட் பிளஸை மனதில் வைத்தவை. ஆக்ரு வேறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

3. எந்த அளவீட்டு நிலையத்துக்கு மேலே?

முழு உம்கேனி வடிநிலம் சுமார் 4,400 ச.கி.மீ. அதில் மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று நான்கு பெரிய அணைகள். முதல் முயற்சிக்கு இது வேண்டாம். ஓர் அளவீட்டு நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மேலே உள்ள நிலத்தை மட்டும் எடுங்கள். 300 முதல் 400 ச.கி.மீ. போதும்.

மேல் பகுதியில் மூன்று நிலையங்கள் கண்ணில் படும். அவற்றுக்குள் தேர்வு செய்வதில்தான் முதல் பொறி இருக்கிறது.

வெல்ட்டவிரெடனில் லயன்ஸ் ஆற்றின் யூ2ஹெச்007: நீண்ட தொடர், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மூய் ஆற்றிலிருந்து மெர்ன்ஸ், ஸ்பிரிங் குரோவ் வழியாக இறைத்து அனுப்பும் நீர் ம்போஃபானா ஓடையில் விழுந்து, லயன்ஸ் ஆற்றில் சேர்ந்து, மிட்மாருக்குப் போகிறது. அதாவது இந்த நிலையம் அளப்பதில் ஒரு பகுதி அந்த வடிநிலத்து மழையே அல்ல. இது தெரியாமல் அளவுருக்களை (மாதிரி அளவீட்டோடு பொருந்தும்படி நாம் மாற்றும் எண்களை) திருத்தினால், வறண்ட மாதத்தில் ஓடும் குழாய் நீரை நிலத்தடி நீர் என்று மாதிரிக்குக் கற்றுக்கொடுத்துவிடுவீர்கள். எண்கள் அழகாகப் பொருந்தும், விடை முழுவதும் தப்பாக இருக்கும். இறைத்த அளவின் பதிவு கையில் இருந்தால் மட்டுமே இந்த நிலையம்.

பெட்ரஸ் ஸ்ட்ரூமில் உம்கேனியின் யூ2ஹெச்013: மேலே உம்கேனி ஃப்ளே என்ற பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது, உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ளது. அது வெள்ளத்தைப் பிடித்து மெதுவாக விடும். சதுப்பு நிலத்தை மாதிரிக்குள் சரியாக அமைப்பது முதல் வேலைக்குக் கடினம்.

ஷாஃப்டனில் கார்க்லூஃப் ஆற்றின் யூ2ஹெச்006: வெளியிலிருந்து நீர் வருவதில்லை. மரத்தோட்டம், மேய்ச்சல், பாசனம், பண்ணைக் குட்டைகள் எல்லாம் உண்டு. தொடங்க இதுவே நல்லது.

வெருலம் பக்கத்தார் உம்ட்லோட்டியை எடுக்க விரும்புவீர்கள். ஹேசல்மியர் அணைக்கு மேலே மட்டும் எடுங்கள். அணைக்குக் கீழே ஓடுவது மதகைத் திறப்பவரின் முடிவு, அதை மழையிலிருந்து கணிக்க முடியாது.

4. தரவு

மாவுக்கேற்ற பணியாரம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியவற்றுக்கு முதல் வாரமே எழுதிவிடுங்கள். தரவிறக்கிக்கொள்ளக் கூடியவற்றை அந்தக் காத்திருப்பில் செய்யலாம்.

நீரோட்டம். நீர் மற்றும் துப்புரவுத் துறையின் நீரியல் தளத்தில் நிலையக் குறியீடு கொடுத்தால் நாள் சராசரி இலவசமாக வரும். எண்ணுக்குப் பக்கத்தில் வரும் தரக் குறியீட்டுப் பத்தியை அழித்துவிடாதீர்கள். பெரும்பாலான புதியவர்கள் செய்யும் தவறு அது. சிறு தடுப்பணையின் அளவீட்டு அட்டவணை ஒரு உயரம் வரைதான் செல்லும், அதற்கு மேல் வெள்ளம் போனால் பதிவு அந்த எண்ணிலேயே நின்றுவிடும். வரைந்து பார்த்தால் உச்சிகள் எல்லாம் ஒரே மட்டத்தில் மழுங்கியிருக்கும். அந்த நாட்களைத் திருத்தக் கணக்கிலிருந்து விலக்குங்கள். இல்லையென்றால் மாதிரி வெள்ளத்தைக் குறைத்துக் காட்டப் பழகிவிடும்.

மழை. மூன்று வழி. ஒன்று, தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையிடம் கேட்பது. விண்ணப்பப் படிவம், எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்ற ஒப்பந்தம், மாணவரானால் மேற்பார்வையாளர் கடிதம் மூன்றையும் ஒன்றாக அனுப்புங்கள். தனித்தனியாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் வரிசை புதிதாகத் தொடங்கும். வணிக நோக்கத்துக்குக் கட்டணம் உண்டு. விலைமதிப்பீடு எழுத்தில் வாங்கிய பிறகே ஆண்டுகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். இரண்டு, மவுண்ட் எட்ஜ்கோம்பில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் வானிலைத் தளம். கரும்பு விளையும் பகுதிகளுக்கு நாள் தரவு கிடைக்கும், வெப்பம், காற்று, கதிர்வீச்சும் சேர்த்து. மூன்று, சிர்ப்ஸ் என்ற செயற்கைக்கோள் கலப்புத் தொகுப்பு. 1981 முதல் உண்டு, இலவசம். மாத மொத்தத்துக்குப் பரவாயில்லை. நாள் கணக்கில் அது பெருமழையைக் குறைத்துத் தூறலைப் பரப்பிக் காட்டும். இதை மட்டும் நம்பி வெள்ள உச்சி பற்றிப் பேசாதீர்கள்.

நான்காவதாக ஒன்று, எந்தத் தளத்திலும் இல்லாதது. கரும்புப் பண்ணைகளில் தலைமுறையாக மழைமானி வைத்து நோட்டில் எழுதி வருகிறவர்கள் இருக்கிறார்கள். டொங்காட் பக்கம் உறவினர் யாராவது வைத்திருந்தால் கேட்டு, பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அங்குல அளவில் எழுதியிருந்தால் 25.4ஆல் பெருக்க வேண்டும். எந்த ஆண்டில் மி.மீ.க்கு மாறினார்கள் என்பதைத் தேதியோடு குறியுங்கள்.

மழைத் தரவில் கவனிக்க வேண்டியவை:

காலை 8 மணிக்கு அளந்த மழை பெரும்பாலும் முந்தைய நாள் பெய்தது. சில தொகுப்புகளில் முந்தைய நாளுக்கும், சிலவற்றில் அளந்த நாளுக்கும் எழுதியிருப்பார்கள். ஒரு நாள் தள்ளிப்போனால் நாள் கணக்கில் எந்தத் திருத்தமும் பலிக்காது. ஐந்தாறு பெருமழைகளை எடுத்து, ஆற்றின் உச்சி மழைக்கு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். முன்னால் வந்தால் தேதி தப்பு.

சனி, ஞாயிறு அளக்காமல் திங்களன்று மூன்று நாள் மழையைச் சேர்த்து எழுதும் பழக்கம் உண்டு. கிழமைவாரியாகச் சராசரி போட்டால் திங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் பக்கத்து நிலையத்தின் விகிதப்படி பிரித்துப் போடுங்கள்.

விடுபட்ட நாளுக்கு ஸ்வாட் பிளஸில் -99 போட வேண்டும். சுழியம் போட்டு அனுப்பினால் அது வறண்ட நாள் என்று எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு 20 நாள் அப்படிப் போனாலே கணக்கு கெட்டுவிடும்.

மழைமானி பள்ளத்தாக்கில் இருக்கும், மழை கூடுதலாகப் பெய்வது மலை விளிம்பில். கார்க்லூஃபில் இது பெரிய வேறுபாடு. மாதச் சராசரி மழை வரைபடங்களை வைத்து, துணை வடிநிலத்தின் சராசரியை நிலையத்தின் சராசரியால் வகுத்து, மாதவாரியாக ஒரு பெருக்கெண் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ருவில் இதற்கென்றே கோர்ப்ட் என்ற அளவுரு இருக்கிறது. ஸ்வாட் பிளஸில் மழைக் கோப்பையே பெருக்கி எழுதிவிடுவது எளிது.

ஆவியாதல். வெப்பநிலையோடு கதிர்வீச்சு, ஈரப்பதம், காற்று மூன்றும் இருந்தால் பென்மன்-மான்டீத் முறை. வெப்பநிலை மட்டும் இருந்தால் ஹார்கிரீவ்ஸ் முறை. பழைய அறிக்கைகளிலிருந்து தொட்டி ஆவியாதல் எண்களை (திறந்த தொட்டியில் நீர் குறைந்த அளவை) எடுப்பவர்கள் எந்தத் தொட்டி என்று பாருங்கள். பிட்மன் கணக்கில் வருவது சைமன்ஸ் தொட்டி, ஆக்ரு எதிர்பார்ப்பது ஏ வகைத் தொட்டி. சைமன்ஸ் குறைவாகக் காட்டும். மாற்றிப் போட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது.

நில உயரம். எஸ்ஆர்டிஎம் அல்லது கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தொகுப்பு, இரண்டும் இலவசம். கோப்பர்நிக்கஸ் மரத்தின் தலையையும் நிலமாக எண்ணும். இருபது மீட்டர் உயரத் தோட்டமும் பக்கத்தில் வெட்டிய வயலும் இருந்தால் இல்லாத ஒரு படிக்கட்டு தோன்றும். 1:50,000 வரைபடத்து ஆற்றுக் கோடுகளைக் கொண்டு உயரத் தொகுப்பில் ஆற்றைச் சற்றுத் தாழ்த்திவிட்டுத் தொடங்குங்கள்.

நிலப் போர்வை. வன, மீன்வள, சுற்றுச்சூழல் துறையின் தேசிய நிலப் போர்வைத் தொகுப்பு: 2018, 2020 பதிப்புகளில் 20 மீட்டர் கட்டம், 73 வகைகள், கரும்புகூடத் தனியாக. இலவசம். 1990, 2013-14 பதிப்புகளும் உண்டு. தொண்ணூறுகளின் நீரோட்டத்துக்கு 2020 நிலப் போர்வையை வைத்துத் திருத்தாதீர்கள். நடுவில் வந்த மரத்தோட்டத்தின் விளைவெல்லாம் மண் அளவுருவுக்குள் புகுந்துவிடும். அதன் பிறகு 'மரம் கூடினால் என்ன ஆகும்' என்று மாதிரியைக் கேட்பதில் பொருளில்லை.

மண். வேளாண் ஆராய்ச்சி மன்றத்தின் நில வகை வரைபடம் சிறந்தது. அதில் ஒரு பலகோணத்துக்குள் பல மண் இருக்கும். மேடு, சரிவு, அடிவாரம் என்று விழுக்காட்டில் கொடுத்திருப்பார்கள். அதிகப் பங்குள்ள மண்ணை மட்டும் எடுத்தால் மேட்டின் மெல்லிய மண்ணும் அடிவாரத்தின் ஆழ்ந்த மண்ணும் ஒன்றாகிவிடும். சரிவு வகையோடு சேர்த்துப் பிரியுங்கள். நேரமில்லையென்றால் உலகளாவிய 250 மீட்டர் மண் கட்டங்கள் உண்டு. ஆனால் ஆழத்தை மட்டுமாவது நில வகை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

நீர் எடுப்பு. பதிவு செய்த பயன்பாடுகள் நீர் மற்றும் துப்புரவுத் துறையின் வார்ம்ஸ் தரவுத்தளத்தில் உள்ளன. அந்தத் துறையின் டர்பன் வட்டார அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி படிவம் கொடுக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும், இன்னொரு 30 நாள் நீட்டிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. பயனாளர் பெயர் வேண்டாம், இடம், அளவு, பயன், பதிவுத் தேதி போதும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நிறுத்திவைக்கக் காரணம் குறையும்.

வார்ம்ஸில் இருப்பது பதிந்த அளவு, எடுத்த அளவு அல்ல. செயற்கைக்கோள் படத்தில் பாசன வயலை அளந்து, பயிர்த் தேவையைக் கணக்கிட்டு, பதிந்த அளவை உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. வரைபட அமைப்பும் வடிநிலம் பிரித்தலும்

ஸ்வாட் பிளஸுக்கு மீட்டர் அளவிலான வரைபட வீழல் வேண்டும். யூடிஎம் 36 தெற்கு, ஈபிஎஸ்ஜி 32736 போதும். துறை வரைபடங்கள் பல 'லோ 31' அமைப்பில் வரும். அதன் அச்சுகள் தெற்கையும் மேற்கையும் நோக்கியவை. சில மென்பொருள் அதைத் தலைகீழாகப் படித்து வடிநிலத்தை வேறெங்கோ கொண்டுபோய் வைக்கும். வந்தவுடன் எல்லாவற்றையும் யூடிஎம்முக்கு மாற்றி, செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டுப் பாருங்கள்.

பிரித்து முடித்ததும் பரப்பளவைத் துறை அந்த நிலையத்துக்குக் கொடுத்திருக்கும் பரப்பளவோடு ஒப்பிடுங்கள். ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபட்டால் அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலும் நிலையப் புள்ளி ஆற்றுக்கோட்டில் விழாமல் பக்கத்து ஓடையில் விழுந்திருக்கும்.

நிலம், மண், சரிவு மூன்றையும் சேர்த்துச் சிறு அலகுகளாகப் பிரிக்கும்போது, 'பத்து விழுக்காட்டுக்குக் குறைந்ததை விட்டுவிடு' என்ற வரம்பை வைக்கச் சொல்லுவார்கள். கணக்கு வேகமாகும். ஆனால் ஆற்றோர வாட்டில் புதரும் சதுப்பும் பரப்பில் சிறியவை, நீர் குடிப்பதில் பெரியவை. அவற்றை விலக்குப் பட்டியலில் சேர்த்துக் காப்பாற்றுங்கள்.

6. மனிதர் செய்தவற்றை முதலில் உள்ளே வையுங்கள்

திருத்தம் முடிந்த பிறகு குட்டையும் பாசனமும் சேர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். அளவீட்டு நிலையம் பார்ப்பது அவை எடுத்தது போக மீந்த நீரைத்தான்.

பண்ணைக் குட்டைகள்: சுவர் 5 மீட்டருக்கு மேலும் கொள்ளளவு 50,000 கன மீட்டருக்கு மேலும் இருந்தால்தான் அணைப் பாதுகாப்புப் பதிவேட்டில் இருக்கும். சிறியவை எங்கும் இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் மழைக்கால முடிவில் நீர்ப்பரப்பை அளந்து, பரப்பிலிருந்து கொள்ளளவை மதிப்பிட்டு, துணை வடிநிலத்துக்கு ஒரு கூட்டுக் குட்டையாக வையுங்கள். வசந்தத்தின் முதல் மழையை இவை விழுங்கிவிடும். அக்டோபரில் மாதிரி உயர்ந்தும் அளவீடு தாழ்ந்தும் இருந்தால் முதல் சந்தேகம் இவற்றின் மேல் இருக்கட்டும்.

திரும்பி வரும் நீர்: கார்க்லூஃபுக்குப் பெரிதாகத் தேவையில்லை. ம்சுண்டுசி ஆற்றை எடுப்பவர்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டார்வில் நிலையத்திலிருந்து வரும் சுத்திகரித்த கழிவுநீரைச் சேர்க்காமல் விட்டால் குளிர்கால நீரோட்டம் ஒருபோதும் பொருந்தாது.

பயிர் அட்டவணை: ஸ்வாட் பிளஸில் மிகவும் கவனம் வேண்டிய இடம். இரண்டு பிழைகள் அமைதியாக உட்கார்ந்திருக்கும். ஒன்று, வடகோளத்து வழக்கப்படி பயிர்ப் பணிகளை வெப்ப அலகில் தொடங்குவது. அதை விட்டுவிட்டுத் தேதியில் கொடுங்கள். கரும்பு ஆலைப் பருவம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் டிசம்பர் வரை. எல்லா வயலையும் ஒரே நாளில் வெட்டிவிடாமல் மூன்று நான்கு தொகுதியாகப் பிரியுங்கள். இரண்டு, பகல் குறையும் மாதங்களில் மரங்களை உறங்க வைத்து, இலைப்பரப்பை அட்டவணையின் குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கிவிடும். பைனும் யூகலிப்டஸும் இங்கே ஜூலையிலும் பச்சையாக நின்று நீர் குடிக்கின்றன. குறைந்தபட்ச இலைப்பரப்பை உயர்த்தாவிட்டால் மாதிரி குளிர்கால ஆற்றில் இல்லாத நீரைக் காட்டும். மரம் பற்றிய கேள்விக்கு விடையைக் கெடுப்பதில் இதை மிஞ்சியது இல்லை.

7. முதல் ஓட்டம்: திருத்தாமல் பாருங்கள்

மூன்று ஆண்டு முன்னோட்டம் கொடுத்து ஓட்டுங்கள். அந்த மூன்று ஆண்டு எண்களைத் தூக்கிப் போடுங்கள். மண்ணும் நிலத்தடி நீரும் நிலைக்கு வர அவ்வளவு ஆகும்.

நீர் ஆண்டை அக்டோபர் முதல் செப்டம்பர் வரை எண்ணுங்கள். நம் ஊரில் ஆடிப்பெருக்குக்குக் காவிரி பொங்கும் நாளில் இங்கே ஆறு ஆண்டின் மிகத் தாழ்ந்த மட்டத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். ஜனவரியிலிருந்து எண்ணினால் ஒரே மழைக்காலத்தை நடுவில் வெட்டுகிறீர்கள்.

பிறகு ஒரு காகிதக் கணக்கு. ஒரு ச.கி.மீ. மேல் 1 மி.மீ. என்பது 1,000 கன மீட்டர். 300 ச.கி.மீ. வடிநிலத்தில் ஆண்டுக்கு 6 கோடி கன மீட்டர் ஓடினால் அது 200 மி.மீ. மழை 1,000 மி.மீ. என்றால் ஐந்தில் ஒரு பங்கு. உம்கேனியின் மேல்பகுதி ஈரமானது, அதற்கு இது நம்பக்கூடிய விகிதம். நாடு முழுவதற்கும் சராசரி பத்தில் ஒன்றுக்கும் குறைவு. உங்கள் மாதிரி 400 மி.மீ. காட்டினால் அளவுருவைத் தொடாதீர்கள். மழைக் கோப்பு, பரப்பளவு, ஆவியாதல் முறை இவற்றில் ஒன்று தப்பு.

8. அளவுரு திருத்தம்

வரிசை முக்கியம். முதலில் ஆண்டு மொத்தம்: எஸ்கோ (மண்ணிலிருந்து ஆவியாவதைக் கட்டுப்படுத்தும் எண்), மண்ணின் நீர்ப்பிடிப்பு. அடுத்து, மேற்பரப்பில் ஓடுவதும் நிலத்தடியிலிருந்து வருவதும் எந்த விகிதம்: சிஎன்2 (மழையில் எவ்வளவு மேற்பரப்பில் ஓடும்), பெர்கோ (எவ்வளவு மண்ணுக்கடியில் இறங்கும்). அதன் பின் மழைக்குப் பின் ஆறு வடியும் வேகம்: ஆல்ஃபா. கடைசியில் உச்சிகள். ஆக்ருவில் முதலில் தொட வேண்டியவை இரண்டே: விரைவோட்டப் பங்கு (மழை நாளிலேயே ஆற்றுக்கு வரும் பங்கு), வழக்கமாக 0.3இலிருந்து தொடங்கலாம், அடியோட்டம் (நிலத்தடியிலிருந்து வரும் நீர்) வடியும் வேகக் கெழு, 0.009 அளவு. மற்றவை மண்ணிலும் பயிரிலும் அளந்து வந்தவை, இழுத்து வளைக்க வேண்டாம்.

கைத்திருத்தம் இரண்டு வாரம் செய்த பிறகே தானியங்கித் திருத்தத்துக்குப் போங்கள். 500 முதல் 1,000 ஓட்டம், மடிக்கணினியில் ஓர் இரவிலிருந்து இரண்டு நாள் வரை. 16 ஜிபி நினைவகம் போதும். மின்சாரம் போனால் முழுவதும் போகாமலிருக்க நூறு நூறாகப் பிரித்து ஓட்டுங்கள்.

பொருத்த எண்: மாதக் கணக்கில் நேஷ்-சட்கிளிஃப் எண் (மாதிரியும் அளவீடும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.5க்கு மேல், சாய்வு (மொத்த நீரை மாதிரி கூட்டியோ குறைத்தோ காட்டும் விழுக்காடு) 25 விழுக்காட்டுக்குள் என்பது பொதுவாக ஏற்கப்படும் கீழ் வரம்பு. சாய்வின் குறி மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஸ்வாட் வட்டத்தில் நேர்க்குறி என்றால் மாதிரி குறைவாகக் காட்டுகிறது என்று பொருள், வேறு சில கருவிகளில் நேர்மாறு. குறியைப் பார்த்து எதிர்த் திசையில் திருத்திக்கொண்டே போனவர்கள் உண்டு.

நேஷ்-சட்கிளிஃப் எண்ணை வெள்ள நாட்கள்தான் உயர்த்துகின்றன. உங்கள் கேள்வி வறண்ட மாதத்தைப் பற்றியதானால் அது 0.8 வந்தாலும் பொருளில்லை. நீரோட்டத்தின் மடக்கை எடுத்து அதே எண்ணைக் கணக்கிடுங்கள். கால அளவு வளைகோட்டில் (ஒவ்வொரு நீரோட்ட அளவும் எத்தனை விழுக்காடு நாட்களில் எட்டப்படுகிறது என்று காட்டும் கோட்டில்) 70 விழுக்காட்டுக்கு அப்பால் உள்ள வாலைத் தனியாக ஒப்பிடுங்கள். சரிபார்ப்புக் காலத்துக்குள் (திருத்தத்தில் பயன்படுத்தாமல் சோதிக்க ஒதுக்கிய ஆண்டுகளுக்குள்) 2015-16 வறட்சி கட்டாயம் இருக்கட்டும்.

9. கேள்விக்கு விடை: மாற்றங்களை ஓட்டுதல்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மழை அதே, அளவுரு அதே, மரப்பரப்பு மட்டும் கூடட்டும். விடையை 'ஆகஸ்டில் வினாடிக்கு 0.4 கன மீட்டர் ஓடும்' என்று எழுதாதீர்கள். 'இப்போதைய நிலையைவிட இவ்வளவு விழுக்காடு குறையும்' என்று எழுதுங்கள். வேறுபாட்டில் மாதிரியின் பொதுப் பிழை ஓரளவு கழிந்துபோகும். சமமாகப் பொருந்தும் அளவுருத் தொகுப்புகள் இருபதையாவது வைத்து ஓட்டி, குறைந்தது முதல் கூடியது வரை வரம்பாகக் கொடுங்கள்.

பிறகு அந்த நீரோட்டத்தைக் காப்பு நீரோடு ஒப்பிட வேண்டும். 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி, யாருக்கும் ஒதுக்கும் முன் இரண்டு பங்கு ஆற்றில் இருந்தாக வேண்டும்: மக்களின் அடிப்படைத் தேவைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், ஆற்று உயிரினங்களுக்கு உரிய பங்கு. இரண்டாவது மாதத்துக்கு மாதம், ஈரமான ஆண்டுக்கும் வறண்ட ஆண்டுக்கும் வேறாக இருக்கும். ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டு 'போதும்' என்று எழுதிய அறிக்கை திரும்பி வரும். ஆண்டில் போதுமான நீர் ஆகஸ்டில் போதாமல் இருக்கலாம், சண்டை வருவதும் அப்போதுதான்.

10. அறிக்கையும் கையெழுத்தும்

உங்கள் மாதிரி பாடத்துக்கோ சங்கக் கூட்டத்துக்கோ என்றால் இத்தோடு போதும். உரிமத்துக்கு என்றால் வேறு கதை. நீர் எடுப்பது சட்டத்தின் 21(ஏ), தேக்குவது 21(பி), மரத்தோட்டம் போல நீரோட்டம் குறைக்கும் செயல் 21(டி). எதற்கு விண்ணப்பிக்கிறீர்களோ அதற்கேற்ப நீரியல் அறிக்கை இருக்க வேண்டும். இயற்கை அறிவியல் தொழில்முறை மன்றத்திலோ பொறியியல் மன்றத்திலோ பதிவு பெற்றவர் அதில் கையெழுத்திட வேண்டும். அவரைக் கடைசி வாரத்தில் தேடாதீர்கள். முடிந்த வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்திட யாரும் விரும்புவதில்லை, மறுபடி செய்யச் சொல்லிக் கட்டணமும் கேட்பார்கள். மூன்றாம் படியிலேயே, நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அவரைப் பிடித்து, எத்தனை மணி நேரம், எவ்வளவு ராண்ட் என்று எழுத்தில் வாங்குங்கள்.

விண்ணப்பம் துறையின் இணைய வழியில் போகும். துறை சொல்லும் 90 நாள் இலக்கு எல்லா ஆவணமும் முழுமையாக இருந்தால் மட்டுமே. நீரியல் அறிக்கையோடு இவற்றையும் இணையுங்கள்: பயன்படுத்திய நிலையங்களின் பட்டியலும் காலமும், விலக்கிய நாட்களும் காரணமும், நிலப் போர்வைப் பதிப்பின் ஆண்டு, மென்பொருள் பதிப்பு எண், திருத்தும் முன்னும் பின்னும் அளவுருக்கள், வறண்ட மாதப் பொருத்தத்தின் வரைபடம். கேள்வி எழும் இடங்கள் இவைதான். ஒவ்வொரு கேள்விக்கும் கடிதம் போய்வர வாரங்கள் ஆகும்.

முழுக் கோப்புறையையும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். மூல மழைக் கோப்பை ஒருபோதும் திருத்தி அதே பெயரில் சேமிக்காதீர்கள். அடுத்த ஆண்டு புதிய தரவு வந்ததும் யாராவது இதை நீட்டிக்கச் சொல்வார்கள். -99 எங்கே போட்டீர்கள், திங்கட்கிழமை மழையை எப்படிப் பிரித்தீர்கள் என்பது அப்போது உங்களுக்கே நினைவிருக்காது. வானிலைச் சேவையின் தரவை மட்டும் அந்தக் கோப்புறையோடு அடுத்தவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கிறது, அவர் தனியாக விண்ணப்பிக்கட்டும்.